கிணற்று நீரும் ஒன்பதாம் வகுப்பும்

ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் ஆண்டிறுதித் தேர்வில் தேறாத பிள்ளைகளுக்கு இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு வைக்கலாம், அதிலும் தேறாதவர்களை அதே வகுப்பில் நிறுத்தி வைக்கலாம் என்று ஒன்றிய அரசு 2024 டிசம்பரில் விதி வகுத்தது. அந்தச் செய்தி நாளிதழ்களில் வந்த வாரத்தில்தான் எங்கள் வீட்டில் அன்பியக் கூட்டம் நடந்தது. அன்பியம் என்பது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழு. கிறிஸ்து பிறப்பு விழாவுக்குக் குடில் அமைப்பதையும், வீடு வீடாகப் பாடிச் செல்வதையும் பற்றிப் பேசி முடித்த பிறகு, இந்த விதியைப் பற்றியும் நாம் பேச வேண்டும் என்று கேட்டேன். அது ஒன்றிய அரசு நடத்தும் பள்ளிகளுக்குத்தான் பொருந்தும், எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை என்ற முறையே தமிழ்நாட்டில் தொடரும் என்று அமைச்சரே அறிவித்துவிட்டார், பிறகு நமக்கென்ன என்று ஒருவர் கேட்டார். கோயில் கூட்டத்தில் அரசியல் வேண்டாமே என்று இன்னொருவர் தயங்கினார். அன்று அவர்களுக்கு நான் சொன்ன பதில் அரைகுறையானது. அதை முழுமையாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தருமபுரியை அடுத்த ஒரு பழைய கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள் நான். 1986-இல் பிரிக்கப்படாத தருமபுரி மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியையாகச் சேர்ந்தேன். 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது தேன்கனிக்கோட்டை மலைப்பகுதியில் இருந்த என் பள்ளி அந்தப் பக்கம் போயிற்று, நானும் அதனுடன் போனேன். கடைசிப் பத்து ஆண்டுகள் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். தேர்வு என்பதற்கு நான் எதிரியல்ல. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வினாத்தாள் எழுதியும் விடைத்தாள் திருத்தியும் வாழ்ந்தவள், பிள்ளை எதைக் கற்றிருக்கிறது என்று பார்க்காமல் கற்பிக்க முடியாது என்பதை நன்றாக அறிவேன். அப்படிப் பார்ப்பது எதற்காக, பார்த்தபின் யார் மீது என்ன செய்கிறோம் என்பதில்தான் என் மனம் பல ஆண்டுகளாக முட்டி நிற்கிறது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க ஒரு வழி இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அது குடிக்கத் தகாத நீர், எங்கள் பக்கத்துக் கிணறுகளும் ஆழ்துளைக் கிணறுகளும் பல அந்த அளவைத் தாண்டியவை. நான் பாடம் நடத்திய வகுப்புகளில், சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இருந்தார்கள். பல்லில் பழுப்புக் கறை, தேய்த்தால் போகாதது. அதிகாரிகள் வந்து கிணறுகளில் நீர் எடுத்துச் சோதித்தார்கள், அளவைக் குறித்தார்கள், எந்த ஊரில் எவ்வளவு என்று பட்டியலிட்டார்கள். அதன்பின் என்ன நடந்தது? பல்லில் கறை படிந்த பிள்ளைகளை யாரும் வரிசையில் நிறுத்தி வைக்கவில்லை. அந்த ஊர்களைத் தோல்வியுற்ற ஊர்கள் என்று பலகை எழுதித் தொங்கவிடவில்லை. நீண்ட காலம் ஆயிற்று, மக்கள் பல முறை கேட்க வேண்டியிருந்தது, ஆனாலும் இறுதியில் ஒகேனக்கலிலிருந்து காவிரி நீரைக் குழாய் வழியாகக் கொண்டுவந்தார்கள். 2013-இல் அந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது. சோதனை என்பது இப்படித்தான் இருக்க வேண்டும். குறை எங்கே என்று அறிவதற்காகவே சோதிக்கிறோம், அறிந்த பிறகு கடமை சோதித்தவருக்கே உரியதாகிறது.

பள்ளித் தேர்வில் மட்டும் இந்த ஒழுங்கு தலைகீழாகப் போவதை அமெரிக்காவின் அனுபவத்தைப் படித்தபோதுதான் தெளிவாகப் புரிந்துகொண்டேன். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய ஒரு குருவானவர், எங்கள் பங்குக் கோயிலில் சில மாதங்கள் உதவியாளராக இருந்தபோது, அந்நாட்டுத் திருச்சபைகள் பள்ளித் தேர்வுச் சட்டத்தை எதிர்த்து எழுதிய சில ஆவணங்களை எனக்குப் படிக்கத் தந்தார்.

அந்தக் கதை சுருக்கமாக இது. அங்கே பள்ளிக் கல்வி மாநிலங்களின் பொறுப்பு. பள்ளிச் செலவில் கூட்டாட்சி அரசு தருவது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். ஏழைப் பிள்ளைகள் மிகுதியாகப் படிக்கும் பள்ளிகளுக்கு உதவுவதற்காக 1965-இல் லிண்டன் ஜான்சன் காலத்தில் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, அதன் வழியாக அந்தப் பணம் போய்க்கொண்டிருந்தது. 2002 ஜனவரியில் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட திருத்தம் அந்தப் பணத்தோடு ஒரு நிபந்தனையைக் கட்டியது. ‘எந்தக் குழந்தையும் விடுபடக் கூடாது’ என்பது அந்தச் சட்டத்தின் பெயரின் பொருள். மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு, உயர்நிலையில் ஒரு முறை தேர்வு, 2014-ஆம் ஆண்டுக்குள் நூற்றுக்கு நூறு பிள்ளைகளும் தேர்ச்சி நிலையை எட்டியாக வேண்டும். எட்டாத பள்ளிக்குப் படிப்படியாகத் தண்டனை. இரண்டு ஆண்டு தொடர்ந்து தவறினால் ‘மேம்பாடு தேவைப்படும் பள்ளி’ என்ற முத்திரை விழும், பெற்றோர் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிக்கொள்ளலாம். அடுத்த ஆண்டும் தவறினால் பள்ளியின் பணத்திலிருந்து வெளியார் நடத்தும் தனிப்பயிற்சிக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு மேலும் தவறினால் ஆசிரியர்களை மாற்றுவது, பள்ளியின் நிர்வாகத்தையே வேறு கைக்கு மாற்றுவது வரை போகும்.

நோக்கம் நல்லது என்பதை நான் மறுக்கவில்லை. கறுப்பினப் பிள்ளைகள், வறியவர்கள், ஊனமுற்றோர், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதோர் ஆகியோரின் மதிப்பெண்களைத் தனித்தனியாக வெளியிட வேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தியது. பள்ளியின் சராசரிக்குப் பின்னால் மறைந்து கிடந்த பிள்ளைகள் அதனால் முதன்முறையாகக் கண்ணில் பட்டார்கள், அந்த ஒன்றை இழக்கக் கூடாது என்றே அங்குள்ள குடிமை உரிமை இயக்கத்தவர் பலரும் கருதினார்கள். கிணற்று நீரை ஊர்வாரியாகச் சோதித்தது போன்ற நல்ல செயல் அது. காவிரி நீரைக் கொண்டுவரும் பகுதிதான் அந்தச் சட்டத்தில் இல்லை.

சட்டம் வந்த சில ஆண்டுகளிலேயே அமெரிக்கத் திருச்சபைகளின் தேசிய மன்றம் தன் பொதுக்கல்விக் குழுவின் வழியாகப் பத்து அறநெறிக் கவலைகள் என்று ஓர் அறிக்கையை வெளியிட்டது. 1950-இல் தொடங்கப்பட்ட அந்த மன்றத்தில் பெரும்பாலும் சீர்திருத்தத் திருச்சபைகளும் கிழக்கத்தியத் திருச்சபைகளும் உறுப்பினர்கள், எங்கள் கத்தோலிக்கத் திருச்சபை அதில் உறுப்பினர் அல்ல. அதற்கு முன்பே 2004 அக்டோபரில் கல்வி அமைப்புகள், குடிமை உரிமை அமைப்புகள், சமய அமைப்புகள் பலவும் சேர்ந்து ஒரு கூட்டறிக்கை வெளியிட்டிருந்தன, பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட அமைப்புகள் அதில் கையெழுத்திட்டன. தண்டிப்பதை விட்டுவிட்டு, பள்ளிகளைத் திறம்படுத்தும் மாற்றங்களுக்கு மாநிலங்களையும் மாவட்டங்களையும் பொறுப்பாக்குங்கள் என்பதே அதன் சாரம்.

திருச்சபைகளின் அறிக்கையில் என்னை நிறுத்தி வைத்தது அதன் மொழி. கல்வித்துறை வல்லுநர்கள் பேசும் புள்ளிகளும் சதவீதங்களும் அதில் குறைவு. ஒரு குறிப்பிட்ட பிரிவுப் பிள்ளைகளின் மதிப்பெண்ணால் பள்ளி தோற்றது என்று அறிவிக்கும்போது, தங்களால்தான் பள்ளி தோற்றது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும், சக மாணவர் முன்னும் ஊர் முன்னும் அவர்கள் வெட்கப்பட நேரும் என்று அது கவலைப்பட்டது. பிள்ளை எங்கே தொடங்கியது என்று பாராமல் எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்ப்பது நியாயமல்ல என்றது. எட்டாம் வகுப்பில் மூன்றாம் வகுப்பு நிலையில் இருந்தவர்கள் ஆறாம் வகுப்பு நிலைக்கு ஏறினாலும் அந்தச் சட்டத்தின் கண்ணில் அது தோல்விதான். ஆங்கிலம் கற்பதற்கு முன்பே பிள்ளைகளை ஆங்கிலத்தில் தேர்வு எழுத வைக்கிறார்கள் என்றது. பிள்ளைகளைச் சோதித்து ஒரே சீராக்க வேண்டிய சரக்குகளாகச் சட்டம் நடத்துகிறது என்றது. சில பள்ளிகளில், மிகவும் பின்தங்கிய மாணவர்கள் தேர்வுக்கு உட்காராமல் இருக்கும்படி அவர்களை வேறு பக்கம் ஒதுங்கச் சொல்லும் அழுத்தம் ஆசிரியர்களுக்கு ஏற்பட்டது என்றும் அதில் இருந்தது.

அந்தக் கடைசி வரியை நான் அடுத்த நாளும் எடுத்துப் படித்தேன். காரணம் இருக்கிறது.

எங்கள் மாநிலத்தில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்த முடியாது, பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு. இடையில் இருக்கும் ஒன்பதாம் வகுப்பு என்பது பிள்ளைகளைச் சலிக்கும் சல்லடை என்பதைப் பள்ளியில் வேலை பார்த்த எவரும் அறிவார். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு வெளியான பிறகு மீளாய்வுக் கூட்டம் நடக்கும். விழுக்காடு குறைந்த பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் அனைவர் முன்னிலையிலும் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். நான் இரண்டு முறை அப்படி நின்றிருக்கிறேன். மூன்றாவது முறை நிற்கக் கூடாது என்று முடிவு செய்த ஆண்டில், ஒன்பதாம் வகுப்பில் நான்கு பிள்ளைகளை நிறுத்தி வைத்தேன். அவர்களுடைய நன்மைக்காகத்தான், இன்னும் ஓர் ஆண்டு படித்தால் அடித்தளம் உறுதிப்படும் என்று பெற்றோரிடம் சொன்னேன். அதை எனக்கே சொல்லிக்கொண்டேன் என்பதுதான் உண்மை.

நால்வரில் ஒருத்தி பெண். வீட்டில் கன்னடம் பேசும் குடும்பம். மாசி பங்குனியில் எங்கள் மலைகளில் புளி உலுக்கும் காலம், ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுக்கும் வேலைக்குக் குடும்பம் முழுவதும் போகும், கிலோக் கணக்கில் கூலி. பள்ளியில் திருப்புதல் தேர்வும் முழு ஆண்டுத் தேர்வும் அதே மாதங்களில்தான். வகுப்புக்கு வந்த நாட்களில் அவள் நன்றாகக் கவனிப்பாள், அறிவியல் பாடத்தில் கேள்வி கேட்பாள். ஆனால் தமிழில் ஒரு பக்கம் எழுதச் சொன்னால் பாதியில் நின்றுவிடுவாள். ஜூன் மாதம் பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகியும் அவள் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அவளுடைய தாய் என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டு, “படிப்பு வரலைன்னு பள்ளிக்கூடமே சொல்லிடுச்சு டீச்சரம்மா, இனிமே வெச்சுக்கிட்டு என்ன பண்றது?” என்றார். ஆவணிக்குள் அவளுக்குத் திருமணம் ஆகிவிட்டது. நான் தகவல் கொடுத்திருக்க வேண்டும், எனக்குத் தெரிந்தபோது முடிந்துவிட்டது. அவளுக்குப் பதினைந்து வயது நிரம்பியிருந்ததா என்பதுகூட ஐயம்தான்.

அடுத்த ஆண்டு எங்கள் பள்ளி நூறு விழுக்காடு தேர்ச்சி பெற்றது. பாராட்டுச் சான்றிதழ் தந்தார்கள், அது என் அலமாரியில் இருக்கிறது.

குழந்தைத் திருமணம் இன்றும் முழுமையாக ஒழியாத மாவட்டங்களில் ஒரு பெண் பிள்ளையை ஒரு வகுப்பில் நிறுத்துவது, நகரத்தில் ஒரு பையனை நிறுத்துவதைப் போன்றது அல்ல. நகரத்துப் பையன் ஓர் ஆண்டை இழப்பான், எங்கள் மலைப் பெண் பிள்ளை பள்ளியையே இழந்துவிடுவாள். டெல்லியில் இருந்து விதி எழுதுபவருக்கு இந்த வேறுபாடு தெரியாமல் இருக்கலாம், ஆனால் ஞாயிறுதோறும் அந்தக் குடும்பங்களோடு ஒரே கூரையின் கீழ் முழந்தாளிடும் எங்களுக்குத் தெரியும். தெரிந்தவர்கள் பேசாமல் இருப்பதை நான் அரசியலைத் தவிர்ப்பதாகக் கருதவில்லை.

நம் மாநிலத்துக்கு வராது என்று அன்று சொன்னவருக்கு, 2019-ஐ நினைவூட்ட விரும்புகிறேன். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் நிறுத்தி வைக்கவோ வெளியேற்றவோ கூடாது என்று ஐயத்துக்கு இடமில்லாமல் சொன்னது. 2019 தொடக்கத்தில் நாடாளுமன்றம் அதைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் நிறுத்தி வைக்க வழி திறந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அறிவிப்பு வந்தது. பத்து வயதுப் பிள்ளைகள் பொதுத்தேர்வுக்கு அஞ்சிய அந்த மாதங்களை மறக்க முடியாது. ஆசிரியர்களும் பெற்றோரும் இயக்கங்களும் எதிர்த்த பிறகு, 2020 பிப்ரவரி 4 அன்று அது திரும்பப் பெறப்பட்டது. கல்வி 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது அரசமைப்புத் திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்குப் போன ஒன்று, சட்டத்தில் கதவு திறந்து கிடக்கும்வரை யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். பணத்தோடு நிபந்தனையைக் கட்டுவதும் அமெரிக்காவில் மட்டும் நடப்பது அல்ல. ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக 2024-25-ஆம் ஆண்டுக்குரிய 2,152 கோடி ரூபாய் ஒருங்கிணைந்த கல்வி நிதி நிறுத்தி வைக்கப்பட்டது என்று தமிழ்நாடு அரசு முறையிட்டதை நாம் எல்லோரும் படித்தோம். அந்தப் பணத்தில் எங்கள் மலைப் பள்ளிகளின் பங்கும் அடக்கம்.

நிறுத்தி வைக்க வேண்டும் என்று சொல்கிறவர்களின் வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசிக்க முடியாத பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததை நானே பார்த்திருக்கிறேன். தேர்ச்சி உறுதி என்று தெரிந்துவிட்டால் பிள்ளையும் படிக்காது, பள்ளியும் கவலைப்படாது என்று என்னுடன் பணியாற்றிய நல்லாசிரியர்கள் பலர் மனம் நொந்து சொன்னார்கள். ஆனால் ஐந்தாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு, அதே பாடத்தை, அதே அறையில், அதே முறையில், தன்னைவிடச் சிறியவர்களோடு உட்கார்ந்து மறுபடியும் கேட்கச் சொல்வது எப்படி மருந்தாகும்? கொரோனாவுக்குப் பின் 2022 ஜூனில் நம் அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து, அவரவர் நிலையிலிருந்து கற்பிக்கிறார்கள். அதற்கு முன்பு செயல்வழிக் கற்றலில் ஏணிப்படி முறை இருந்தது. இவற்றில் குறைகள் உண்டு. பதிவு செய்யும் வேலையே ஆசிரியரின் பாதி நேரத்தைத் தின்கிறது என்று இன்று பணியில் இருப்பவர்கள் என்னிடம் வருந்துகிறார்கள், அதுவும் தீர்க்கப்பட வேண்டிய குறைதான். ஆனால் மதிப்பீடு செய்தபின் பிள்ளையை எங்கே கொண்டுபோக வேண்டும் என்ற கேள்விக்கு அந்தப் பெயர்களிலேயே விடை இருக்கிறது. அரும்பை யாரும் தோற்றுப்போன மலர் என்று சொல்வதில்லை.

நாடு முழுவதும் கல்வியின் நிலையை அறிய வேண்டும் என்றால், அதற்கு ஒவ்வொரு பிள்ளையையும் ஆண்டுதோறும் தேர்வறையில் அடைக்க வேண்டியதில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது எங்கள் வீட்டுச் சமையலறைக்கே தெரியும். 2021 நவம்பரில் நடந்த தேசிய அடைவு ஆய்வும், 2024 டிசம்பரில் ஒன்றிய அரசின் கல்வி மதிப்பீட்டு அமைப்பான பரக் நடத்திய ஆய்வும் மாதிரிப் பள்ளிகளை எடுத்து அளந்தவைதான். அத்தகைய ஆய்வில் எந்தப் பிள்ளைக்கும் தனி முத்திரை விழுவதில்லை. மதிப்பெண்ணோடு தண்டனை சேரும்போது அளவுகோலே கெட்டுவிடும் என்பதற்கு அமெரிக்காவின் அட்லாண்டா நகரம் கசப்பான சான்று. 2009-ஆம் ஆண்டுத் தேர்வின் விடைத்தாள்களை ஆசிரியர்களே திருத்தி எழுதியதை மாநில அரசின் விசாரணை 2011-இல் வெளிக்கொணர்ந்தது. 44 பள்ளிகளைச் சேர்ந்த 178 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் அதில் தொடர்புடையவர்கள் என்று அந்த அறிக்கை கூறியது. அவர்களை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் மீளாய்வுக் கூட்டத்தில் இரண்டு முறை எழுந்து நின்றவள் என்பதால், அவர்கள் எந்த அச்சத்தில் அழிப்பானைக் கையில் எடுத்தார்கள் என்பது எனக்கு விளங்குகிறது.

எங்கள் கூட்டத்தில் அரசியல் வேண்டாம் என்று தயங்கியவரின் மனத்தை மாற்றியது என் பேச்சு அல்ல. காவேரிப்பட்டணம் பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒரு பெரியவர் எங்கள் அன்பியத்தில் இருக்கிறார். லூக்கா நற்செய்தியில் வரும் காய்க்காத அத்திமர உவமையை அன்று வாசித்தோம். மூன்று ஆண்டாகக் கனி இல்லை, வெட்டிவிடு என்று தோட்டத்துக்காரர் சொல்கிறார். இந்த ஆண்டும் விட்டுவையுங்கள், சுற்றிலும் கொத்தி எருப் போடுகிறேன் என்று தொழிலாளி மன்றாடுகிறார். பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, மாமரமும் ஓராண்டு நிறையக் காய்த்தால் அடுத்த ஆண்டு ஓயும், அந்த ஆண்டு மரத்தைத் திட்டுகிற விவசாயி கிடையாது, தண்ணீர் விட்டோமா, கவாத்து செய்தோமா, எரு வைத்தோமா என்று தன்னைத்தான் கேட்டுக்கொள்வான் என்றார். பிறகு அந்தத் தயங்கிய நண்பரைப் பார்த்து, மரத்துக்காக ஒருவன் எஜமானனிடம் பேசியதைத்தானே ஆண்டவர் கதையாகச் சொன்னார், நாம் பிள்ளைகளுக்காகப் பேசினால் தப்பா என்று கேட்டார். உவமையில் தொழிலாளி எஜமானனிடம் சென்று வாதாடுகிறான் என்பதை இத்தனை ஆண்டுகளாக வாசித்தும் நான் கவனித்ததில்லை.

அன்று தொடங்கியதுதான் எங்கள் மனு. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் அது போகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவை 2019-க்கு முந்தைய வடிவத்துக்கே மீட்க வேண்டும் என்றும், நாடு தழுவிய மதிப்பீடுகள் மாதிரி ஆய்வுகளாகவே இருக்க வேண்டும் என்றும், அவற்றின் முடிவுகளைக் காட்டி எந்தப் பள்ளியின் நிதியையும் குறைக்கக் கூடாது, பின்தங்கிய பள்ளிக்குக் கூடுதல் ஆசிரியரும் கூடுதல் பணமும் தருவதற்கே அவை பயன்பட வேண்டும் என்றும், புலம்பெயர்ந்து வேலைக்குச் செல்லும் குடும்பங்களின் பிள்ளைகளையும் வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளையும் மனத்தில் வைத்தே எந்தத் தேர்வு விதியையும் எழுத வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம்.

மொழியைப் பற்றிய வரியைச் சேர்த்தபோது சிலர் முகம் சுளித்தார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தெலுங்கு, கன்னடம், உருது வழிப் பள்ளிகள் இருக்கின்றன, லம்பாடி பேசும் வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி படிப்படியாக வந்த தமிழ்த்தாள் 2016-இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எட்டியபோது, மொழிச் சிறுபான்மை மாணவர்கள் நீதிமன்றம் சென்று விலக்குக் கேட்க வேண்டியதாயிற்று. தமிழை உயிராக நேசிப்பவள் நான், அந்தப் பிள்ளைகள் தமிழ் கற்க வேண்டும் என்றும் விரும்புகிறேன். ஆனால் கற்பிக்கத் தகுந்த ஆசிரியரைப் பள்ளிக்கு அனுப்புவதற்கு முன் தேர்வை அனுப்பக் கூடாது. அமெரிக்கத் திருச்சபைகள் ஆங்கிலத்தைப் பற்றிச் சொன்ன அதே நியாயம்தான் இது, நம் மொழி என்பதால் நியாயம் மாறிவிடாது. பக்கத்துத் தெருப் பள்ளிவாசலின் பெரியவர்கள் மனுவைப் படித்துவிட்டு முதலில் கையெழுத்துப் போட்டது அந்த வரியைக் கண்டுதான்.

அமெரிக்காவில் அந்தப் போராட்டம் முழு வெற்றி பெறவில்லை. 2014-உம் வந்து போயிற்று, நூற்றுக்கு நூறு எங்கும் வரவில்லை. 2015 டிசம்பரில் ஒபாமா கையெழுத்திட்ட புதிய சட்டம் பழைய தண்டனைப் படிக்கட்டை நீக்கி, பின்தங்கிய பள்ளிகளை என்ன செய்வது என்ற பொறுப்பைப் பெரும்பாலும் மாநிலங்களுக்கே திருப்பித் தந்தது. பிரிவுவாரியாக மதிப்பெண் வெளியிடுவது தொடர்ந்தது, அது நல்லது. மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் அனைவருக்கும் தேர்வு என்பதும் தொடர்ந்தது. பத்துப் பதிமூன்று ஆண்டு எழுதியும் பேசியும் கிடைத்தது இவ்வளவுதான். ஆனால் அதற்குள் படித்து முடித்து வெளியே போன பிள்ளைகளுக்கு அந்த ஆண்டுகளை யாரும் திருப்பித் தர முடியாது என்பதால், விதி இங்கே முழுமையாக வருவதற்கு முன்பே நாம் பேசுவது நல்லது.

இன்னொரு செய்தியைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவளாக இருக்க மாட்டேன். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014 மே மாதத்தில் பிரமதி வழக்கில் தீர்ப்பளித்தது. நம் சமூகத்தின் உரிமையைக் காக்கும் தீர்ப்பு என்று அன்று மகிழ்ந்தோம். ஆனால் சேர்க்கைக்குத் தேர்வு வைக்கக் கூடாது என்ற அந்தச் சட்டத்தின் 13-ஆம் பிரிவும் அதனுடன் சேர்ந்து நம்மைக் கட்டுப்படுத்தாமல் போயிற்று. ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு வைக்கும் திருச்சபைப் பள்ளிகளை நான் அறிவேன். ஒன்பதாம் வகுப்பின் இறுதியில் பெற்றோரை அழைத்து, மாற்றுச் சான்றிதழை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று பரிவோடு சொல்லும் பள்ளிகளையும் அறிவேன். அப்படி வெளியேறிய பிள்ளைகள் எங்கள் அரசுப் பள்ளிக்கு வந்தார்கள், நான் செய்ததைத்தான் மேலே எழுதிவிட்டேன். டெல்லிக்கு மனு அனுப்பும் கையால் நம் வீட்டுக் கதவையும் தட்டியாக வேண்டும்.

ஆகவே இரண்டாவது மனு ஒன்று எங்கள் பகுதித் திருச்சபைப் பள்ளி ஒன்றின் தாளாளரான குருவானவருக்குப் போயிருக்கிறது. வருகிற கல்வியாண்டில் ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வைக் கைவிட வேண்டும், ஒன்பதாம் வகுப்பிலிருந்து யாரையும் வெளியேற்றக் கூடாது என்று அதில் 63 பேர் கையெழுத்திட்டிருக்கிறோம். அவர் கோபப்படவில்லை. நுழைவுத் தேர்வை நிறுத்தினால் விண்ணப்பங்களில் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டார். குலுக்கல் முறையைச் சொன்னோம், அருகில் குடியிருப்போருக்கும் முதல் தலைமுறையாகப் படிக்க வருவோருக்கும் முன்னுரிமை தரலாம் என்றும் சொன்னோம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் பெற்றோர் என்ன சொல்வார்கள் என்று அடுத்துக் கேட்டார். அதற்கு எங்களிடம் இதமான பதில் இல்லை, முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் குறையத்தான் செய்யும் என்றேன். அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு, இரண்டாம் திருப்பலிக்குப் பிறகு பங்குப் பேரவை கூடும்போது இதையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அந்த ஒன்பதாம் வகுப்பின் கதையை அங்கே நானே எழுந்து நின்று சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.